ஜன்னல் யாருக்கு?

பஸ்ஸில் ஏறியதும் நாம் முதலில் தேடுவது எதை? ஜன்னல் சீட்டைத்தானே! அதற்காகக் கர்சீப் போட்டு இடம் பிடிக்கிறோம், நண்பர்களோடு சண்டையும் போடுகிறோம். நல்லவேளை, நம்ம டவுன் பஸ்ஸில் ஜன்னலுக்குத் தனி டிக்கெட் கிடையாது. ஆனால் தீம் பார்க் ஹோட்டல்களில் உண்டு! ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி குளியலறை இருந்தாலும், ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்து வாடகை கூடும், குறையும். அப்படிக் கூடுதல் பணம் கொடுப்பது சரியா, தண்டமா? இதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில்தான் முளைத்தது. என் மாமா ஜப்பானில் வேலை பார்க்கிறார். வருகிற லீவுக்கு ஆச்சி, அம்மா, நான், தம்பி நாலு பேரும் அங்கே போகிறோம். டோக்கியோ டிஸ்னிஸீ பார்க்கைச் சுற்றிக் காட்டி, ஒரு ராத்திரி அங்கேயே தங்க வைப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். எந்த ரூம் போடுவது என்பதில்தான் தகராறு.

டிஸ்னிஸீ 2001 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. மிராகோஸ்டா ஹோட்டலும் அதே நாளில்தான் திறந்தது. இந்த ஹோட்டல் பார்க்கோடு ஒட்டியே இருக்கிறது. பார்க்குக்குள் போகிறவர்கள் அதன் அடியில் உள்ள வழியாகத்தான் நுழைகிறார்கள். இத்தாலிய ஊர் போலக் கட்டியிருக்கிறார்கள். அறைகள் மூன்று பக்கமாக உள்ளன. போர்ட்டோ பாரடைஸோ பக்கத்தில் துறைமுகம் போன்ற பெரிய நீர்நிலையும், எதிரே புரொமிதியஸ் எரிமலையும் தெரியும். எரிமலை நிஜமில்லைங்க, கட்டியது! வெனிஸ் பக்கத்தில் படகு போகும் கால்வாய். டஸ்கனி பக்கம் பார்க்கின் வாசல் புறம். துறைமுகம் முழுதாகத் தெரிகிற அறைக்கு வாடகை அதிகம். 'பாதி தெரியும்' என்று சொல்லியே விற்கிற அறைகளும் உண்டு.

மாமா என்ன சொல்கிறார்? "ரூமுக்குத் தூங்கத்தானே போறோம்? கண்ணை மூடினப்புறம் எந்த வியூ தெரியும்?"

கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரி. பார்க் வழக்கமாகக் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடும். அறையோ மதியத்துக்கு மேல்தான் கையில் கிடைக்கும். ரைடு ரைடாக ஓடுகிறவன் அறைக்குத் திரும்பும்போது வெளியே இருட்டு. அவனுக்கு ஜன்னலும் ஒன்று, சுவரும் ஒன்று. முதலில் நானும் மாமா கட்சிதான்.

அப்புறம்தான் ஆச்சியை நினைத்தேன்.

போன வருஷம் நம்ம பக்கத்துத் தீம் பார்க் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். ஆச்சிக்கு மூட்டு வலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மரத்தடியில் எங்கள் பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு இருந்தாங்க. நாங்கள் நனைந்து வருவோம், துண்டை எடுப்போம், மறுபடி ஓடுவோம். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "அங்க என்ன ஆச்சி பாத்தீங்க?" என்று கேட்டார். "பையைப் பாத்தேன்" என்றாங்க ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நுழைவுச்சீட்டு ஆச்சிக்கும்தானே வாங்கினோம்!

ஆகவே என் கருத்து இதுதான். நல்ல ஜன்னல் உள்ள அறை, ஓடுகிறவர்களுக்குத் தேவையில்லை. ஓட முடியாதவர் ஒருவர் கூட வந்தால் அவசியம் தேவை. முட்டி வலிக்கிற ஆச்சி, கைக்குழந்தைக்காரர், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர் இவர்களுக்கெல்லாம் அந்த ஜன்னல்தான் பார்க். என் தம்பிகூட இந்தக் கட்சியில் சேருவான். டிஸ்னிஸீயில் பூமியின் மையத்துக்குப் போகிற ரைடில் ஏற 117 செ.மீ. உயரம் வேண்டும். அவன் இன்னும் அவ்வளவு வளரவில்லை!

"துறைமுகக் காட்சியைப் பார்க்குக்குள் கரையில் நின்றே பார்க்கலாமே, எதற்கு ரூமுக்குக் காசு?" என்று கேட்பீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் முன்னால் இடம் கிடைக்க வெகுநேரம் முன்பே போய்த் தரையில் உட்கார வேண்டும். ஆச்சியால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவும் வேண்டாம். 2022 நவம்பரில் அங்கே ஒரு இரவுக் காட்சி தொடங்கியது. அதில் ஹோட்டலின் வெளிச்சுவர் மேலேயே ஒளிப்படம் விழுகிறது. சுவருக்கு உள்ளே இருப்பவருக்கு அந்தப் படம் எப்படித் தெரியும்? காற்று பலமாக அடித்தால் காட்சியை ரத்து செய்வதும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பார்வையிடம் இருக்கிறதா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டல் உள்ளது. அதுவும் 2001-ல் திறந்ததே. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கிற புல்வெளி பல அறைகளின் ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. அந்த அறைகளுக்கு வாடகை கூடுதல். ஆனால் வாடகை குறைந்த அறையில் தங்குகிறவரும் பொதுவான இடத்தில் நின்று அதே விலங்குகளைப் பார்க்கலாம். அப்படி வசதி இருந்தால், அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காமலே ஆச்சியைப் பார்க்க வைக்கலாம்.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பார்க்கலாம்டா" என்றார். அந்த ரூம் கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. ஆனால் ஒரு முடிவு என் கையில் இருக்கிறது. இந்தத் தடவை பையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வேன். ஆச்சி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் அந்தப் படகில் ஒரு சுற்று சுற்றி வரட்டும்.

நண்பர்களே! அடுத்த முறை எங்கே போனாலும், உங்கள் குடும்பத்தில் பையைக் காக்கிறவர் யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். ஜன்னல் அவருக்குத்தான். மாற்றுக் கருத்து இருந்தால் தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்க!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்