பழனியாண்டவருக்கும் ஒரு பேஸ்லைன் ரிப்போர்ட் வேண்டும்

1) கொஞ்சம் நீளமான இழை. பக்தரா இருந்தாலும் இல்லைன்னாலும் முழுசா படிங்க. இதுல உங்க கிட்னியும் சம்பந்தப்பட்டிருக்கு.

2) பழனி மூலவர் திருமேனி நவபாஷாணத்தால் ஆனது, செய்தவர் போகர் என்பது மரபு. கொடைக்கானல் பக்கம் பூம்பாறை குழந்தை வேலப்பருக்கும் இதையே சொல்வாங்க. பாஷாணம்னா விஷம். எந்த ஒன்பது என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ஆனா அடிக்கடி வரும் பெயர்களில் கௌரி பாஷாணமும் தாளகமும் ஆர்சனிக் சரக்கு; லிங்கமும் வீரமும் பாதரசச் சரக்கு.

3) மூலவர் மேனி தேய்ந்து வருது என்ற கவலை பல வருஷமா இருக்கு. 2023 குடமுழுக்கை ஒட்டி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அரசு ஒரு வல்லுநர் குழுவே அமைத்தது. உடனே வரும் எதிர்ப்பு: "சாமியைச் சுரண்டிப் பார்ப்பீங்களா?"

4) வேண்டாம். வயித்துல என்ன இருக்குன்னு பார்க்க நாங்க எடுத்தவுடனே கத்தியைத் தூக்குறோமா? ஸ்கேன்தானே முதல்ல? சிலைக்கும் அதே வழி இருக்கு.

5) கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி. மேனிக்கு அருகில் பிடித்தால் போதும். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து என்னென்ன தனிமம்னு சொல்லலாம். துளி மாதிரி கூட எடுக்க வேண்டாம்.

6) இதுக்கும் எல்லை உண்டு. ஆர்சனிக், ஈயம் இரண்டின் முக்கியக் கோடுகளும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒண்ணு மேல ஒண்ணு விழும். அனுபவம் இல்லாதவர் படித்தால் தப்பாகும். மேல்பரப்பு மட்டுமே தெரியும். அதுவும் தனிமம்தான் தெரியும், சேர்மம் தெரியாது. சேர்மத்துக்கு ராமன் நிறமாலை வேணும். தேய்மானத்துக்கு, தள்ளி நின்றே எடுக்கும் லேசர் முப்பரிமாண ஸ்கேன் போதும். கருவறைக்குள் அர்ச்சகர்தான் போகலாம்னா, அவருக்கே பயிற்சி கொடுங்க.

7) நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை அரசு அருங்காட்சியகமும் சேர்ந்து பழைய வெண்கலத் திருமேனிகளைச் சிதைக்காமலே ஆராய்ந்திருக்காங்க.

8) ரஷ்யாவுல மரப்பலகையில் வரைந்த பழைய சாமி படங்கள் உண்டு. ருப்ளேவ் வரைந்த 'திரித்துவம்' அதில் புகழ்பெற்றது. 2022இல் திருவிழாவுக்காகச் சில நாள் மடாலயத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பியதும், அருங்காட்சியக வல்லுநர்கள் அதில் 61 மாற்றங்களைக் கணக்கெடுத்தாங்க. எப்படி முடிஞ்சது? போறதுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு ரெக்கார்டு இருந்தது. நெஞ்சு வலின்னு வந்தா பழைய ஈசிஜி இருக்கான்னு கேட்கிறோமே, அதே சங்கதிதான்.

9) இன்னும் எளிய வழி: சிலைப் பக்கமே போக வேண்டாம். இரவில் சாத்தி மறுநாள் பிரசாதமாகும் ராக்காலச் சந்தனத்தில் கொஞ்சம், அபிஷேக நீரில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. ஆளை அறுக்காம யூரின் டெஸ்ட் எடுக்கிற மாதிரி. மேனியிலிருந்து என்ன கரைகிறது, எவ்வளவு கரைகிறது ரெண்டும் தெரிஞ்சிடும். சாப்பிடும் பக்தருக்கும் பாதுகாப்பு, சாமிக்கும் பாதுகாப்பு.

10) இப்போ கிட்னி விஷயம். கடையிலும் ஆன்லைனிலும் 'நவபாஷாண மணி' விக்குது. பாலில் ஊறவச்சுக் குடிச்சா சுகர் குறையுமாம், மூட்டு வலி போகுமாம். "கட்டின பாஷாணம் சார், கரையாது" என்பாங்க. கரையாதுன்னா மருந்து பாலுக்குள்ள எப்படி வரும்? கரையும்னா வர்றது ஆர்சனிக்கும் பாதரசமும். கலப்படம்னா காசு தண்டம். மூணுல எதுவா இருந்தாலும் நஷ்டம் உங்களுக்கு.

11) குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நாக்குக்குத் தெரியாத அளவு. வருஷக்கணக்கில் சேர்ந்தால் தோலில் கரும்புள்ளி, உள்ளங்கை தடிப்பு, கை கால் மரத்துப்போதல், புற்றுநோய் வரை போகும். பாதரசச் சேர்மங்கள் கிட்னியைக் கெடுக்கும். கொடைக்கானல்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001இல் ஏன் மூடப்பட்டதுன்னு ஊருக்கே தெரியும்.

12) சித்த மருத்துவமே பாஷாணத்தைச் சுத்தி செய்யாமல், அளவில்லாமல் கொடுக்கச் சொல்லலை. யாரோ உருட்டி விக்கிற மணி சித்த மருந்து ஆகாது.

13) அதனால என் கோரிக்கை மூணு:
• திருமேனியைத் தொடாமல் அளங்க. வருஷா வருஷம் அளங்க.
• முடிவைப் பக்தருக்குப் புரியும் தமிழில், எல்லாரும் படிக்கும்படி வையுங்க.
• மணி விக்கிறவங்ககிட்ட லேப் ரிப்போர்ட் கேளுங்க.

14) மணி ஊறின பாலை ஏற்கனவே குடிக்கிறீங்களா? இன்னிக்கே நிறுத்துங்க. மேலே சொன்ன தொந்தரவு இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

15) மலையேறிப் போய்க் கும்பிடுங்க. கும்பிடும் திருமேனி பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கணும்னா அளந்து பார்ப்பதும் ஒரு தொண்டுதான். வீட்டுப் பெரியவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.