பி0135 வந்தா சென்சார் செத்துடுச்சா?

எபிசோடில் நேரம் போதாததால் இதை இங்கே எழுதுகிறேன். எஞ்சின் லைட் எரிந்ததும் ஆப்பில் கோடைப் பார்த்து, உடனே பார்ட் ஆர்டர் பண்ணும் பழக்கத்தை நாம விடணும்.

பி0135-ஐ எடுத்துக்கோங்க. எஞ்சினுக்கு அருகே உள்ள ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் அதன் பொருள். சர்க்யூட்னா ஃபியூஸ், வயர், கனெக்டர், ஹீட்டர், கம்ப்யூட்டர் எல்லாமே. எரர் மெசேஜில் வந்த லைன்லதான் பக் இருக்கணும்னு இல்லையே!

சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியா அளக்கும். ஹீட்டர் இல்லாட்டி அந்தச் சூடு வர நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் குத்துமதிப்பாத்தான் பெட்ரோல் விடும். இங்கே பிரிட்டனில் அந்த லைட் எரிஞ்சா எம்.ஓ.டி.யும் ஃபெயில். அதனால கண்டுக்காம விடவும் முடியாது.

ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் ஃபியூஸ். அப்புறம், எஞ்சின் ஆறினதும் கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்க. பல நாலு வயர் சென்சார்களில், ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்தான் ஹீட்டருக்கு. ஓபன்னு காட்டினா சென்சாரை மாத்துங்க. மேனுவலில் உள்ள அளவு, பொதுவா சில ஓம்ஸ், காட்டினா ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. அப்போ எஞ்சினை ஓடவிட்டு, வண்டிப் பக்கக் கனெக்டரில் பேட்டரி வோல்டேஜ் வருதான்னு பாருங்க. வரலைன்னா, புது சென்சார் போட்டாலும் லைட் திரும்ப எரியும். வந்தா, கிரவுண்ட் பக்க வயரைத் தேடுங்க.

கராஜுக்கே போனாலும் ஒன்னு மட்டும் கேளுங்க: "ஹீட்டர் எத்தனை ஓம்ஸ் காட்டுச்சு?" பதில் வரலைன்னா, பில்லுக்கு ஓகே சொல்லாதீங்க.