வணிகப் பயணமும் படச்சுருளும்

வாணிகத்தின் பொருட்டு வெளியூர் செல்வோர்க்கு வேலையினும் காத்திருத்தலே மிகுதி. இதனைச் சிவகாசிப் பக்கத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிவகாசியை அடுத்த எம் நாரணாபுரத்திலும் சுற்றூர்களிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்னும் மூன்று தொழில்களே பெரும்பாலார்க்குச் சோறிடுவன. மழை குறைந்த கரிசல் நிலத்தில் உழவர்க்குப் பகையாய் நின்ற வெயிலே, மருந்து உலர்த்துவார்க்கு நட்பாயிற்று. ஆயினும், செய்த சரக்கு தானே நடந்து சென்று விலைபோவதில்லை. ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படத்தான் வேண்டும். பட்டாசை இரயிலிற் கொண்டு செல்லச் சட்டம் இடங்கொடாது. ஆதலின், அவர் பையில் விலைப்பட்டியலும் மாதிரி லேபிள்களுமே இருக்கும். காலண்டர் விற்பவராயின், ஆடிப் பதினெட்டில் வெளிவரும் புது ஆல்பத்தைச் சுமந்து செல்வார். கடைக்குப் போனால், 'முதலாளி மாலையில்தான் வருவார்' என்பர். மாலையிற் போனால், 'நாளைக் காலையில் வாருங்கள்' என்பர். இடையிற் கிடக்கும் நெடும்பொழுதை அவர் என்செய்வது?

எம் பெரியப்பா ஒருவர் இருபது ஆண்டுகள் கான்பூருக்குப் போய்வந்தவர். அவ்வூர் எத்தன்மைத்து என யாம் வினவியபோது, 'கடைவீதி தெரியும், லாட்ஜு தெரியும்; வேறென்ன தெரியும் தம்பி?' என்றார். இருபது ஆண்டுப் பயணம் இரண்டு சொல்லில் முடிந்தது. இஃது அவர் குறையன்று. அனுப்பினோர் அவரிடம் ஆர்டரைக் கேட்டனரேயன்றி, அவர் கண்டதை ஒருவரும் கேட்டிலர். கேளாத காட்சி நெஞ்சில் நில்லாது.

ஆதலின், இத்தகைய ஓய்வுப் பொழுதில் படச்சுருள் இட்ட புகைப்படக் கருவி ஒன்றைக் கைக்கொண்டு தெருவில் நடத்தல் நன்று. எடுத்த படங்களை ஊருக்குக் கொணர்ந்து போற்றுதல் அதனினும் நன்று. இதுவே யாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

இது புதுவழக்கம் அன்று. செருமனி நாட்டு வெட்ஸ்லர் நகரில் நுண்பெருக்கி செய்யும் லைட்ஸ் என்னும் தொழிலகத்தில் ஆஸ்கர் பர்னாக் என்னும் பொறிவல்லார் ஒருவர் இருந்தார். மலையேறும்போது சுமக்கத்தக்க சிறு கருவி வேண்டி, சினிமாப் படச்சுருளையே பயன்படுத்தும் மாதிரி ஒன்றை அவர் சமைத்தார். அத்தொழிலகத்தைச் சேர்ந்த இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், 1914 இல் தொழில் நிமித்தம் அமெரிக்கா சென்றபோது, அம்மாதிரியில் ஒன்றை உடன் கொண்டு போய் நியூயார்க்கு நகரைப் படம் பிடித்தார். பின்னர்ப் போர் மூண்டமையால் காரியம் தடைப்பட்டது. 1925 இல் லைப்சிக் சந்தையில் அக்கருவி 'லைகா' என்னும் பெயரோடு வெளிவந்தது. 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உடைய அதன் சிறுகட்டமே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. இன்று நாம் கடையில் வாங்கும் 35 மில்லிமீட்டர்ச் சுருளின் பழங்கதையில், வணிகன் ஒருவனின் பயணமும் ஓர் அதிகாரமாய் நிற்றலை அன்பர்கள் நோக்குக.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படுவன சிலவற்றை ஆராய்வாம். 'முதலாளியின் செலவிற் போய்ப் படம் பிடித்துத் திரிவது நேர்மையோ?' என்பது முதற் கேள்வி. கடை திறந்திருக்க, ஆர்டர் எழுதவேண்டிய நேரத்தில் ஒரு படம் எடுப்பினும் அது தவறே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், கடை அடைத்திருக்கும் பொழுது முதலாளிக்கும் பயன்படாத பொழுது. அதனைக் கட்டிலிற் கிடந்து கழித்தால் நேர்மை, கண்திறந்து நடந்து கழித்தால் குற்றம் என்பது எந்த அறநூலின் முடிபு?

'கைப்பேசியிலேயே கருவி இருக்கையில், காசு கொடுத்துச் சுருள் வாங்குவானேன்?' என்பது இரண்டாவது. இது வலிய கேள்வியே. சுருளின் விலை ஏறிவிட்டது. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரில் சுருள் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலையும் மூடப்பட்டுவிட்டது. கழுவவும் அச்சிடவும் வேறு செலவுண்டு. இரவிலும் மங்கிய ஒளியிலும் கைப்பேசியே எளிதாய்ப் படம் எடுக்கும் என்பதையும் யாம் மறுக்கிலேம். ஆயினும், ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. முப்பத்தாறே உண்டு என்று அறிந்தவன், கண்டதற்கெல்லாம் விசையை அழுத்தான். எது வேண்டும், எது வேண்டா எனத் தெரிவான். எடுத்த படத்தை அப்போதே காணவியலாமையால், அவன் கண் கருவியின் முகத்தில் படியாது தெருவின் முகத்திலேயே நிற்கும். மேலும், கைப்பேசி பழுதுற்றால் அதனுள் இருந்த ஆயிரம் படமும் ஒருங்கே மறையக்கூடும். சுருளோ கையிற் பிடிக்கும் பொருள். வெயிலும் ஈரமும் படாது காத்தால், பேரனும் அதனை வெளிச்சத்திற் காட்டிப் பார்ப்பான். ஒரு பயணத்திற்கு ஒரு சுருள் போதும். அதற்கும் இயலாதார் கைப்பேசியையே கொள்க. ஆனால் முப்பத்தாறு என்னும் வரம்பைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்க.

போகிற போக்கில் எடுத்த படத்தால் யாது பயன் என்பாரும் உளர். கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 இல் கப்பற் பயணத்தின்போது காந்தியடிகளைப் பற்றிய செய்திப்படம் ஒன்று ஆக்கத் துணிந்தார். 1940 இல் அதனை வெளியிட்டார். அவர் அடிகளைப் புதிதாய்ப் படம் பிடித்ததோடு அமையவில்லை. பலர் பல நாடுகளில் பல காலத்தே எடுத்திருந்த துண்டுகளைத் தேடி அலைந்து தொகுத்தமையே அப்படத்தின் பெருமை. எடுத்தவர் எறிந்திருந்தால் தொகுப்பவர் எதனைத் தொகுப்பார்? இன்று சிறிதாய்த் தோன்றும் ஒரு கட்டம் நாளை எதற்குச் சான்றாகும் என்பதை எடுப்பவன் அறியான். ஆதலின் காத்துவைத்தல் அவன் கடன்.

இவை யாவற்றினும் எம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. எம் வட்டாரத்தைக் காட்டும் படங்கள் நாட்டில் மிகப் பல. அவற்றை எடுத்தோர் பெரும்பாலும் தம் அலுவலின் பொருட்டு வெளியூரினின்று வந்தவர்கள். 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று வந்த கருவிகள் கருகிய சுவரையும் கதறும் தாயரையும் எடுத்துச் சென்றன. அப்படங்கள் பொய்யல்ல, வேண்டாதனவும் அல்ல. அவை இன்றேல் ஆள்வோரும் வாங்குவோரும் எம் துயரை எண்ணியும் பாரார். எனினும் அவ்வொரு முகமே எம் முழுமுகம் என்று உலகம் கொண்டுவிட்டது. உச்சிவேளையில் தூக்குச்சட்டியைத் திறந்து சிரித்துப் பேசும் மகளிர், திரியடுக்கும் விரலின் விரைவு, பங்குனிப் பொங்கற் கூட்டம் ஆகியன படத்தில் ஏறியது அரிது. வந்தவர்க்கு நேரமில்லை, நின்று பெயர் கேட்டாருமில்லை.

பிறர் கருவிமுன் நின்று இவ்வாறு வருந்தியவர், தாம் கருவி ஏந்திப் பிறர் ஊர் செல்லும்போது எங்ஙனம் ஒழுகல் வேண்டும்? இக்கேள்விக்கு விடை தருதற்கு எம்மூராரினும் தகுதியுடையார் அரியர். வழியில் சுமை இழுப்பவரைக் கண்டால் மறைவில் நின்று படம் பிடித்தலாகாது. மொழி தெரியாவிடினும் கருவியைக் காட்டிக் கையால் இசைவு கேட்கலாம், தலையசைத்தால் எடுக்க, மறுத்தால் வணங்கி அகல்க. கூடுமாயின் பெயரும் முகவரியும் கேட்டு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்புக. ஒருவருடைய ஏழைமையை மட்டும் எடாது, அவருடைய தொழிற்றிறனையும் எடுக்க. ஊர் திரும்பியதும் ஒவ்வொரு படத்தின் பின்னும் இடமும் நாளும் எழுதுக. எழுதாத படம் ஒரு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும்.

அயலூரிற் பழகிய கண் சொந்த ஊரையும் நோக்கத் தொடங்கும். அதுவே யாம் வேண்டும் பெரும்பயன். அப்போது ஓர் எச்சரிக்கை: மருந்தறையின் பக்கல் கருவியோடு செல்லற்க. 1887 இல் செருமானியர் இருவர் கண்ட மின்னொளிப் பொடி, மக்னீசியத்தொடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்ததேயாம். அது எம்மூர் மருந்துக்கு உடன்பிறப்பு. இன்றைய கருவியில் அப்பொடி இல்லை. மின்கலமும் மின்னொளியும் உண்டு. ஒரு பொறியும் பெரிதாகும் இடம் அது. அறைக்கு வெளியே, வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும் இடத்தில், எடுக்கத்தக்க முகங்கள் எத்தனையோ உள.

நாரணாபுரத்தின் வணிகர்காள்! எங்கள் வட்டாரத்து அச்சகங்கள் நாடெங்கும் சுவர்களுக்குப் படம் அனுப்புகின்றன. அச்சுவர்களை உடைய ஊர்கள் எப்படியிருக்கும், அங்கு வாழ்வோர் யாவர் என்பதை எமக்குக் காட்ட வல்லார் நீவிரே. அடுத்த பயணத்திற்கு மாதிரி ஆல்பத்தைக் கட்டும்போது, ஒரு சுருளுக்கும் அப்பையில் இடம் வைம்மின்.