வேகத்தை ரசிப்போம், கணக்கையும் பார்ப்போம்

மாணவர்களே, பந்தயக் காரின் உறுமலைக் கேட்டதும் உங்களுக்கு மெய்சிலிர்க்கிறதா? எனக்கும் அப்படித்தான். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படித்தபின், இந்த ஆசையே தவறோ எனச் சிலர் தயங்குகிறீர்கள். ஆசையை விட வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்தால் போதும் என்பதே என் கருத்து.

ஃபார்முலா 1 அமைப்பு 2019-இல் தன் கரிவளிக் கணக்கை வெளியிட்டது. அதில் பந்தயக் கார் எஞ்சின்களின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கார்களையும் கருவிகளையும் ஊழியர்களையும் நாடு நாடாகக் கொண்டு செல்வதே பெரும்பங்கு. ரசிகர்களின் பயணம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அந்தப் பங்கு நம்முடையது!

நம் சாலைக்கு வருவோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரிவளி வெளியாகும். காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்வதால்தான் பெட்ரோலைவிட இதன் எடை கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்கு ஏறினாலே காற்றுத்தடை ஏறக்குறைய 50 விழுக்காடு கூடிவிடும்.

பந்தயம் குற்றமற்றது என நான் வாதாடவில்லை. ஆனால் பந்தயக் கார்களைக் குறை சொல்லிவிட்டு, ஆளுக்கொரு காரில் தனியாகப் போவது நியாயமா? சில ஆண்டுகளில் உங்கள் கையிலும் ஓட்டுநர் உரிமம் இருக்கும். வேகத்தைப் பந்தயத் தடத்தில் ரசியுங்கள். அங்கே போக ரயிலோ பேருந்தோ பிடியுங்கள். இல்லையேல் நால்வராக ஒரே காரில் செல்லுங்கள்.