உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாமா?

நெம்மேலிக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடலில் கோடு எதுவும் தெரிவதில்லை. கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இராமேஸ்வரம் வரை போனாலும் தண்ணீரில் கோடு தெரியாது. ஆனால் அங்கே கோடு இருக்கிறது. 1974லும் 1976லும் டில்லி சர்க்காரும் கொழும்பு சர்க்காரும் காகிதத்தில் போட்ட கோடு அது. மீன் அதைத் தாண்டலாம். மீன் பிடிப்பவன் தாண்டினால் சிறை, படகும் பறிபோகும்.

எல்லைக் கோட்டின் குணமே இதுதான். பணக்காரனின் சரக்குக்கு அது திறந்த கதவு. பாட்டாளிக்கோ, கூலியாள் தேவைப்படும்போது திறக்கும். தேவை தீர்ந்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். ராஜாங்கங்களின் ஒப்பந்தப் பத்திரங்களில் இந்த அநியாயம் எழுதப்படவில்லை. எல்லை தாண்டிப் போன உழைப்பாளிகளைப் பற்றிய கதைகளில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கதைகளை ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் படிக்க வேண்டும் என்பது நமது கருத்து. பொழுதுபோக்குக்காக அல்ல, இன்று நம் ஊரில் நடப்பதைப் புரிந்துகொள்வதற்காக.

தூரத்துப் பச்சை

நம் ஜனங்கள் ஏன் கடல் தாண்டினார்கள்? ஆசைப்பட்டா போனார்கள்? செங்கற்பட்டுச் சீமையில் சேரி மக்கள் மிராசுதாரர்களிடம் பண்ணையாட்களாகக் கட்டுண்டு, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் கிடந்தார்கள். இதை நாம் மட்டும் சொல்லவில்லை. இந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரரே 1891ல் தமது அறிக்கையில் எழுதினார். 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கப்பல் புறப்பட்டது. அதற்குப் பின் போன கப்பல்களில் வட ஆற்காடு, செங்கற்பட்டுச் சீமைக்காரர்கள் நிறைய ஏறினார்கள்.

தென் ஜில்லாக்காரர்கள் போன இடம் இலங்கை. 1820களில் காப்பித் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் கணக்கில்லை. காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வந்தது. மலையை வெட்டித் திருத்தித் தோட்டமாக்கியவன் தமிழ்க் கூலி. அவன் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் அவனை மாற்றிக் கொடுத்தார்கள். 1921ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

இந்த வாழ்க்கையை 1935லேயே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். 1964ல் வந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயர். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் பழமொழி. கங்காணியின் வாய்ப்பந்தலை நம்பிப் போனவர்களின் சரித்திரமே அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் எழுதினார்கள். கோ. நடேசய்யருடன் தொழிற்சங்கம் கட்டிய மீனாட்சி அம்மாள், தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். என்.எஸ்.எம். ராமையா கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கதைக்கு நாயகியாக்கினார். தெளிவத்தை ஜோசப், லயத்தின் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும் வேதனையை எழுதினார். சி.வி. வேலுப்பிள்ளை ஒரு நாவலுக்கு வைத்த தலைப்பு 'வீடற்றவன்'. அது ஒரு ஆளின் பெயர் அல்ல, ஒரு ஜன சமுதாயத்தின் பெயர்.

ஆட்களைப் பங்கு போட்டார்கள்

ஏன் அவர்கள் வீடற்றவர்களானார்கள்? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவர்கள் ஓட்டு விழுந்தது. ஆளும் வர்க்கம் நடுங்கிற்று. 1948ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. 1949ல் ஓட்டுரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. இனவெறி மட்டும் செய்த வேலை அல்ல இது. சங்கம் வைத்த தொழிலாளியின் கையை ஒடிக்கச் செய்த வேலை.

பிறகு 1964 அக்டோபர் 30ந் தேதி சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே அதுவும் இல்லை. நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று பேச்சுவார்த்தை மேஜையில் தொழிலாளியை எவரும் கேட்கவில்லை.

அங்கே அவனைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே வந்து நீலகிரியில் தேயிலை பறித்தபோது 'சிலோன்காரன்' என்றார்கள். இலங்கையில் 1988ல் ஒரு சட்டமும் 2003ல் இன்னொரு சட்டமும் வந்த பிறகே நாடற்றவர் என்ற நிலை முடிவுக்கு வந்தது. 1983க்குப் பின் உயிருக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவர்களிலும் மலையகத்துக்காரர்கள் கணிசமாக உண்டு. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் பிரஜா உரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019ல் டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் உண்டு. இலங்கையின் பெயர் இல்லை. எத்தனை தலைமுறை இங்கே பிறந்தால் ஒருவன் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் ஆவான்? நாம் கேட்கிறோம்.

பூமியின் மறுபக்கத்தில்

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதியா? இல்லை. அமெரிக்கா 1846ல் மெக்சிகோவின் மீது யுத்தம் தொடுத்தது. 1848ல் அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிற்று. அங்கே குடியிருந்த மெக்சிகோ மக்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று! பின்னர் உலக யுத்த காலத்தில் வயல்களுக்கு ஆள் போதவில்லை என்று 1942ல் ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவிலிருந்து கூலிகளை வரவழைத்தார்கள். 1964ல் அந்த ஏற்பாட்டை முடித்தார்கள். இங்கே சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தம் நடந்த அதே ஆண்டு!

தாமஸ் ரிவேரா என்பவர் 1935ல் டெக்சாஸ் மாகாணத்தில் அப்படிப்பட்ட கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அறுவடை நடக்கும் ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு அலைந்தவர். 1971ல் ஸ்பானிய மொழியில் ஒரு சிறு நாவல் எழுதினார். மண் அவனை விழுங்கவில்லை என்பது அதன் தலைப்பின் பொருள். வெயிலில் சுருண்டு விழும் குழந்தைத் தொழிலாளிகளும், லாரியில் ஆடுமாடு போல் நின்றபடி பயணம் செய்யும் கூலிகளும் அதில் வருகிறார்கள். மலையகத்துக் கதைகளை அறிந்தவனுக்கு இதைப் படிக்க விளக்கவுரை வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965ல் கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒரு கூட்டத்தார் வேலை நிறுத்தம் செய்தால் இன்னொரு கூட்டத்தாரைக் கொண்டுவந்து முறியடிப்பது முதலாளிகளின் பழைய தந்திரம். இம்முறை பலிக்கவில்லை. மெக்சிகோக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். லாரித் தட்டையே மேடையாக்கித் தொழிலாளர்களே நாடகம் போட்டார்கள். ஐந்து ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 1970ல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

நம் ஊரில் இன்று

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நெம்மேலியை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும் கட்டடங்களில் சாரம் கட்டுபவன் யார்? சிமெண்டு சுமப்பவன் யார்? பீகாரியும் ஒடியனும் வங்காளியும். தமிழ்நாட்டில் நாற்று நடவுக்குக்கூட மேற்கு வங்கத்து ஆட்கள் வருகிறார்கள். "வடக்கத்தியான் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான்" என்ற பேச்சு டீக்கடையிலும் ஆலை வாசலிலும் கேட்கிறது.

கூலி குறைகிறது என்பது மெய். வயிறு காய்கிறவனின் ஆத்திரத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் கூலியைக் குறைப்பவன் யார்? தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்கும் பீகாரியா, அவனை அழைத்துவந்த கண்டிராக்டரா? அவனும் தன் ஊரில் நிலமில்லாமல், கடன்பட்டு, ஒரு நவீனக் கங்காணியின் கைபேசி வார்த்தையை நம்பி ரயில் ஏறியவன்தான். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே வேலைக்கு அதே கூலி தர வேண்டும் என்று 1979ல் ஒரு சட்டம் வந்தது. அதைச் சரிவர அமுல் நடத்தவில்லை. 2020ல் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள். அந்தக் கூலியைச் சேர்ந்து நின்று கேட்டு வாங்கினால் மலிவுக்கூலி என்ற ஆயுதமே முதலாளியின் கையில் இருக்காது. டெலானோ காட்டிய வழி இதுதான்.

நம் பாட்டன் பாட்டிகளைக் கள்ளத்தோணி என்று சொன்ன வாயை நாம் மன்னிக்கவில்லை. அதே சொல்லை இன்னொரு ஏழையின் மீது நாம் வீசலாமா?

ஆகவே தோழர்களே, கிளைகளும் படிப்பகங்களும் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'துன்பக்கேணி'யையும் மலையகத்துக் கதைகளையும் வாங்கி வையுங்கள். வாரம் ஒரு கதையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். அந்தக் கூட்டத்துக்குக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தோழர்களையும் அழையுங்கள். அரைகுறைத் தமிழில் அவர்கள் ஊர்க்கதையைச் சொல்லட்டும். நாம் கேட்டு எழுதி வைப்போம். அடுத்த கூலிப் போராட்டத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, அதில் அவர்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும்.