‘சீட்டிங்’ என்னும் திரை

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னக்காயல், தமிழ் அச்சு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற ஊராகும். போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் இவ்வூரில் வாழ்ந்தார். முத்துக்குளித்துறை மக்களிடையே தமிழ் பயின்று, அம்மொழிக்கு இலக்கணமும் வரைந்தார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1580இல், பாவ அறிக்கை செய்வோர்க்கான கையேடு ஒன்றும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. தன் குற்றத்தை ஒருவன் தன் வாயாற் சொல்ல வேண்டுமெனின், அதற்குரிய பெயர் அவன் தாய்மொழியில் அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? இன்று அப்பெயர்களை நாம் இழந்து வருகிறோம்.

பொருளைப் பறிகொடுத்தவன் ‘சீட்டிங்’ என்கிறான். காவல் நிலையத்தில் அது ‘சீட்டிங் கேஸ்’ ஆகிறது. இச்சொல்லின் பிறப்பு அறியத்தக்கது. இடைக்கால இங்கிலாந்தில், வாரிசின்றி இறந்தோர் நிலம் மன்னர்க்கோ நிலக்கிழார்க்கோ மீளும் முறைக்கு ‘எஸ்சீட்’ என்று பெயர். அதனைக் கவனித்த அலுவலர் சிலர், உரியவர் இருக்கவும் சொத்தைக் கவர்ந்தனர். நாளடைவில் அப்பெயரே குறுகிச் ‘சீட்’ என வஞ்சனையைக் குறிக்கலாயிற்று. பதவியின் பெயர் பழியின் பெயராயிற்று!

ஆங்கிலத்தில் இவ்வொரு சொல் தேர்வறைக்கும் கடைவீதிக்கும் இல்லறத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. சாவினின்று தப்பியவனும் சாவைச் ‘சீட்’ செய்தவனே! தமிழோ இடமறிந்து சொல் வழங்குகிறது. நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் நம்பிக்கை மோசடி. வாழ்க்கைத் துணையை வஞ்சித்தால் துரோகம். பிறர் எழுத்தைத் தமதென்றால் களவு.

இவற்றுள் ‘ஏமாற்றுதல்’ என்னும் சொல்லைச் சற்றே நோக்குவோம். ‘ஏமாறுதல்’ தன்வினை, ‘ஏமாற்றுதல்’ அதன் பிறவினை. ஏமாறுபவன் ஒருவன் இன்றி ஏமாற்றுதல் இல்லை. இழந்தவனும் இச்சொல்லுக்குள்ளேயே நிற்கிறான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், ஏமாற்றப்பட்ட ஒருவரை முன்வைத்தே இக்குற்றத்தை வரையறுக்கின்றன.

மாணவரிடையே வழங்கும் ‘காப்பி’, ‘பிட்’ என்னும் சொற்களிலோ இழந்தவன் முகம் தெரிவதில்லை. விளையாட்டின் சாயலே தெரிகிறது. ‘யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்கும் தம்பியர்க்கு நாம் சொல்வது இதுவே: இரவெல்லாம் விழித்துப் படித்து, ஒரு மதிப்பெண்ணில் இடமிழக்கும் உன் பக்கத்து இருக்கைத் தோழனே ஏமாந்தவன். நாளை உன் சான்றிதழை நம்பி உன்னிடம் வரும் நோயாளியும், உன்னிடம் பாடங் கேட்கும் குழந்தையும் ஏமாறுவர்.

‘சிறிதளவுதானே’ என்பதும் சமாதானம் ஆகாது. திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறைப்போரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ‘தத்ஃபீஃப்’ என்னும் அரபுச் சொல் அற்பமாகக் குறைத்தலைச் சுட்டுவது. அற்பமே அங்குக் கண்டிக்கப்படுகிறது.

ஆங்கிலச் சொல் மீது நமக்குப் பகையில்லை. குற்றத்தை மறைக்கும் திரையாக அது பயன்படுவதையே மறுக்கிறோம். ‘காப்பி அடித்தேன்’ என்பவன் சிரிக்கிறான். ‘ஏமாற்றினேன்’ என்று சொல்ல நேர்ந்தால் அவன் நாணுவான். அந்த நாணமே திருந்துதற்கு வாயில்.