நாங்கள் காணாத சாவே?

என் அண்ணன் மகள் பராமெடிக் படிப்பில் இரண்டாம் ஆண்டு. சென்ற மாரியில் ஒரு பின்னேரம், ஹரோவில் அண்ணன் வீட்டுக் குசினியில் இருந்து அவள் சொன்னாள்: ஒரு கைக்குழந்தை. நெஞ்சை அமுக்கும் முறை அவளுக்கும் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. மூன்று கிழமையாக நித்திரை இல்லை. அண்ணி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "நாங்கள் காணாத சாவே பிள்ளை? இதுக்குப் போய் அழுறியே?"

அண்ணி கல்மனக்காரி அல்ல. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக மழையில் நடந்து வெளியேறிய சனத்தில் ஒருவர். ஆனால் எங்கள் பிள்ளைகளின் வாயை அடைக்க அந்த ஒரு வசனம் போதும். அன்று நானும் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஆகவே இதை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த வசனம் பொய். கண்டோம், சரி. கண்டுவிட்டுச் சேதமில்லாமல் வந்தோமா? யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணத்தில் இருந்து அதன் உளப் பாதிப்புகளைப் பதிவு செய்தவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998இல் வெளிவந்தது. மனவடு என்பது லண்டனுக்கு வந்தபிறகு நாங்கள் பழகிய நாகரிகச் சொல் அல்ல. நித்திரையின்மை, காரணமில்லாத கோபம், எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத உடம்பு நோ, குடி எல்லாம் எங்கள் வீடுகளில் இருந்தன. 'அவருக்குக் கொஞ்சம் முன்கோபம்', 'அவவுக்கு எப்பவும் தலையிடி' என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அதைவிட, நாங்கள் சாவிலிருந்து தப்பி ஓடினோம். இவள் சாவு இருக்கும் வீட்டுக்கு விரைந்து போகிற வண்டியில் ஏறுகிறாள். திரும்பி வந்து, "நான் சரியாக அமுக்கினேனா?" என்று தன் கையையே பார்க்கிறாள். எங்களில் எத்தனை பேருக்கு இருபது வயதில் அந்தக் கேள்வி இருந்தது?

அவளுடைய நிலையைக் கொஞ்சம் பாருங்கள். அம்புலன்சில் அவள் மூன்றாவது ஆள், சம்பளம் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து பராமெடிக்காகப் பதிவு பெறுவதற்கான அடிப்படைத் தகுதி பட்டப்படிப்பு. ஆண்டுக் கட்டணம் 9,000 பவுணுக்கு மேல், பெரும்பாலும் கடன். 2020இலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் உதவித்தொகை இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனாலும் வாடகைக்காக வார இறுதியில் கடையில் நிற்கிறாள். அவள் போகும் வேலையோ நெருக்கடி நிறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிடத்தில் போகவேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் சராசரி ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டியது. பிந்திப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் கத்துவார்கள். மாணவிக்கும் அதில் பங்குண்டு.

அன்று அவளுடைய வழிகாட்டி அவளை அணைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாராம். நல்ல மனிதர். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமை வேறொரு வழிகாட்டி; அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அம்புலன்ஸ்காரருக்கு இவள் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்துக்கோ வேலைத்தளத்தில் நடந்த விஷயம். படிவம் நிரப்பினாள், பதில் மூன்றாம் கிழமை வந்தது. நான் கணினித் துறையில் இருப்பவன். எங்களிடம் நள்ளிரவில் ஒரு சேர்வர் விழுந்தால் மறுநாளே பத்துப்பேர் ஒரு மணித்தியாலம் கூடியிருந்து என்ன நடந்தது என்று பேசுவோம். ஒரு இயந்திரத்துக்கு!

இன்னொரு பயமும் அவளை வாய்திறக்க விடவில்லை: மனநலப் பிரச்சினை என்று சொன்னால் பதிவு கிடைக்காது என்ற பயம். பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பு அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பாகப் பணி செய்வதைப் பாதிக்கும் என்றால் மட்டுமே நோயை அறிவிக்கவேண்டும். விதி இதுதான் என்று முதல் நாளே சத்தமாகச் சொல்லாத எந்தப் பாடநெறியும் குற்றவாளிதான். 2011 தொடக்கம் 2015 வரையான இங்கிலாந்துப் புள்ளிவிபரப்படி ஆண் பராமெடிக்குகளிடையே தற்கொலை ஆபத்து நாட்டுச் சராசரியைவிட 75 வீதம் கூட. இது வாயை மூடிக்கொண்டு கடக்கக்கூடிய விஷயமா? (சமாரித்தன்ஸ் இலக்கம் 116 123. இரவும் பகலும் எடுப்பார்கள்; காசில்லை.)

வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இல்லாத இன்னொரு சுமையும் எங்கள் பிள்ளைக்கு உண்டு. டொக்டருக்குப் படிக்காமல் "அம்புலன்ஸ் ஓட்டவோ படிக்கிறாய்?" என்று கேட்ட மாமா மாமிமாரை எதிர்த்துத்தான் அவள் இந்தப் படிப்புக்குப் போனாள். இப்போது அழுதால் 'அப்பவே சொன்னோமே' என்பார்கள். அவளுக்கு அழும் உரிமைகூட இல்லை. 'விட்டுவிடு' என்கிறவர்களும் அதே ஆட்கள்தான். அவள் விட விரும்பவில்லை. அவள் கேட்பது சின்ன விஷயம்: குழந்தை ஒன்று இறந்த நாளில், வீட்டுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அவளோடு இருந்து பேசவேண்டும், அடுத்த சில பணிகளுக்காவது அதே வழிகாட்டி வரவேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பணி அட்டவணை போடுகிறவர் நினைத்தால் போதும்.

வீட்டில் கேட்பது இன்னும் சின்னது. அண்ணி இந்த இதழை வாசிக்கிறவர். என்னோடு கோபிப்பார், தெரியும். கோபித்துவிட்டு, அந்தக் குழந்தையைப் பற்றி மகளிடம் ஒருமுறை கேட்கட்டும், அடுப்பை அணைத்துவிட்டு.